உப்பு விளையும் வரை

புத்தளத்திலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது தூரம் வந்தால் பாலாவிச் சந்தி. அங்கே பிரியும் வீதிதான் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வழி. அந்தப் பக்கம் பிரயாணம் செய்தவர்கள் பாலாவி உப்பளங்களைக் காணாதிருக்க முடியாது. சதுரஞ் சதுரமாய் வரம்பு கட்டிய பாத்திகள். அவற்றிலே வானத்தைத் தாங்கிக்கொண்டு அசையாது கிடக்கும் நீர். புதிதாக வருபவர் பார்த்தால் அது வெறும் தண்ணீர். உப்பளத்து வேலையாளைக் கேட்டால், "அது உப்பு, நாள்தான் ஆகவேண்டும்" என்பான்.

இருவர் சொல்வதும் உண்மையே. ஒரு லீற்றர் கடல்நீரிலே ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆனால் அதை அள்ளிக் கறியிலே போட முடியாது. உப்பின் செறிவை அளக்கும் போமே மானியில் கடல்நீர் மூன்று, மூன்றரைப் பாகையளவே காட்டும். பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலும் காற்றும் குடித்ததுபோக 25 பாகைக்கு ஏறினாலன்றி உப்புப் பூக்காது. அதற்குள் ஒரு பெருமழை கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். 2024ஆம் ஆண்டின் கடைசியிலே பெய்த மழையினால் விளைச்சல் கெட்டு, கடல் சூழ்ந்த இந்த நாடு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அந்நிய நாட்டிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

முப்பது வருட காலம் வணிகமும் கணக்கியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இலாபம் வேறு, காசு வேறு என்பதை எத்தனையோ மாணவருக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தை நானே செம்மையாகக் கற்றது 2023ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை, கற்பிட்டி வீதியோரத்துச் சிறு வீடு ஒன்றின் முன் விறாந்தையிலேதான்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே வடிவமைப்புக் கல்வி கற்றுப் பட்டம் பெற்றவள். கொழும்பிலே உத்தியோகம் பார்க்காமல் ஊருக்குத் திரும்பி, தன் தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு சிறு தொழிலை ஆரம்பித்திருந்தாள். பனையோலையிலே புதிய பொருள்களைச் செய்வதே அத்தொழில். கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி என்று நம் பாட்டிமார் கையில் புழங்கிய பின்னல்களை எடுத்து, இக்கால வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் ஏற்ற விளக்குக் கூடுகள், தேயிலைப் பேழைகள், காகிதத் தட்டுகள் ஆகியவற்றை அவள் வரைவாள். சுற்று வட்டாரத்துப் பெண்கள் பத்துப் பேர் தத்தம் வீட்டிலிருந்தே சார்வோலையை வார்ந்து, சாயம் காய்ச்சி, பின்னித் தருவார்கள்.

அந்தப் பின்னல் இங்கு வந்த கதையும் சாதாரணமானதன்று. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள், தம் வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பகுதியினர் தஞ்சம் புகுந்தது இந்தப் புத்தளக் கரையிலேதான். பொருள் பண்டங்களை விட்டு வந்தார்கள்; கைப்பழக்கத்தை விட்டுவர முடியுமா? இந்தப் பத்துப் பெண்களுள் மூத்தவர் அப்போது சிறு பிள்ளையாக மன்னாரிலிருந்து வந்தவர். பின்னலைத் தாயிடம் அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலிலே கற்றவர்.

பொருள்களை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல வேலை. 1958ஆம் ஆண்டிலே சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர் இந்திய அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததென்று அதிலே அவர்கள் வியந்தது அரண்மனை ஆபரணத்தையன்று. சாதாரணத் தண்ணீர்ச் செம்பை. அந்த அறிக்கையின் பயனாகவே 1961இல் அகமதாபாத்திலே தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. கைப்பணிப் பொருள்களை விற்க லக்சல 1964இல் வந்தது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய அருங்கலைகள் பேரவையும் தேசிய வடிவமைப்பு நிலையமும் அமைந்தன. பின்னவும் வரையவும் விற்கவும் கற்பிக்க இடமுண்டு. விற்ற பொருளுக்குக் காசு வரும்வரை எப்படி உயிரோடிருப்பது என்பதை யார் கற்பிக்கிறார்கள்?

அதைத்தான் என் மாணவி அன்று கேட்டாள்.

"சேர், எங்களுக்கு இலாபம் இருக்கு. ஆனால் மூன்று கிழமையாகச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. நான் எங்கேயோ கணக்கைப் பிழையாகப் போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கணக்கிலே பிழை ஒன்றுமில்லை. ஹோட்டல் ஒன்று 120 விளக்குக் கூடுகளுக்குக் கட்டளை கொடுத்திருந்தது. ஒன்றின் விலை 6,000 ரூபா. ஆக 720,000 ரூபா. ஒன்றுக்கு ஓலை, சாயம், கம்பிச் சட்டம் ஆகியவற்றுக்கு 1,500 ரூபா. பின்னற் கூலி 2,500 ரூபா. கட்டுக்கும் லொறிக்கும் 300 ரூபா. மொத்தச் செலவு 516,000 ரூபா. இலாபம் 204,000 ரூபா. பரீட்சைத் தாளாயிருந்தால் முழுப் புள்ளியும் கொடுத்திருப்பேன்.

"காசு எப்போது வரும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒப்படைத்து, அவர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து அறுபது நாளில்."

"இதை யார் சொன்னது?"

"அதுதான் வழக்கமாம், சேர்."

சுவரிலே ஒரு பழைய நாட்காட்டி தொங்கியது. அதன் தாளொன்றைக் கிழித்துப் பின்புறத்திலே பதின்மூன்று கோடுகள் கிழித்தேன். ஒரு கோடு ஒரு வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே கையிலிருந்து போகும் காசையும் கைக்கு வரும் காசையும் எழுதச் சொன்னேன். "இலாபத்தை எழுதாதே, பட்டியலை எழுதாதே, காசை மாத்திரம் எழுது" என்றேன்.

ஆரம்பத்திலே கையிலிருந்தது 200,000 ரூபா. முதல் வாரம் ஓலையும் சாயமும் வாங்க 120,000 போயிற்று, மிகுதி 80,000. வாரத்துக்குப் பதினைந்து கூடுகள். அவற்றின் கூலி 37,500. இரண்டாம் வாரச் சனிக்கிழமை கூலி கொடுத்த பின் 42,500. மூன்றாம் வாரம் கொடுத்த பின் 5,000. நாலாம் வாரம் கூலியும் கொடுக்கவேண்டும், கம்பிச் சட்டம் செய்தவருக்கு 60,000 ரூபாவும் கொடுக்கவேண்டும். கையிலிருந்த 5,000 ரூபாவைப் பத்துப் பேருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு, "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறாள். நான் போன நாள் ஆறாம் வாரத்து முடிவு. கூலிப் பாக்கி 107,500 ரூபா.

அதற்கு மேலும் எழுதச் சொன்னேன். ஒன்பதாம் வாரத்தில் வேலை முடியும்போது 316,000 ரூபா குறைவிலே நிற்பாள். பணம் வருகிற வாரம் எது என்று தேடினோம். தாளிலே அந்த வாரமே இல்லை! பதின்மூன்று வாரத்துக்கும் அப்பால், இருபதாவது வாரத்திலேயோ அதற்குப் பின்னோ அது கிடந்தது. இன்னொரு தாளைக் கிழித்து ஒட்டவேண்டியிருந்தது.

அவள் அந்த இரண்டு தாள்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பிழையாக ஒன்றும் செய்யவில்லையா?" என்று கேட்டாள். "விலையிலே பிழையில்லை. நாளிலேதான் பிழை" என்றேன்.

இந்தச் சமயத்திலேதான் மூத்த பெண்மணி தாம் பின்னிய கூடுகளைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். காதிலே தோடு இல்லை. துளையிலே ஈர்க்குத் துண்டு செருகியிருந்தது. மூன்று கிழமையாய்க் கூலி இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கடையில கொப்பி இருக்கு, சேர். அரிசி, மாவு எல்லாம் அதில எழுதி எடுக்கிறதுதான். மகனுக்கு ரியூஷன் காசு கட்ட வேண்டியிருந்திச்சு. அதுக்குத் தோட்டை வச்சிட்டேன். பாவம், பிள்ளை என்ன செய்யும்? அவங்க குடுத்தாத்தானே இவவும் குடுக்கலாம்."

கோபமில்லாமல் அவர் சொன்ன அந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடம் நான் கற்பித்த காசுப்பாய்ச்சற் கூற்றிலே இந்தத் தோட்டுக்கு ஒரு வரி இருந்ததா? ஹோட்டலின் ஐந்தொகையிலே "சென்மதி" என்றொரு தொகை இருக்கும். என் மாணவியின் ஐந்தொகையிலே "வருமதி" என்றொரு தொகை இருக்கும். இரண்டுக்கும் அடியிலே, எந்தப் புத்தகத்திலும் ஏறாமல், அடகுக் கடையிலே ஒரு சோடித் தோடு இருக்கிறது. பெரிய ஹோட்டல் ஒன்றின் விளக்குகளுக்குக் கடன் கொடுத்தவர் யார்? வங்கியன்று; இந்த அம்மாள். அதற்கு வட்டி வாங்கினாரா? இல்லை, அடகுக் கடைக்குத் தாமே வட்டி கட்டுகிறார்.

இதே கரையில் வேறொரு வழக்கமும் உண்டு. உடப்பிலே கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மீன் கரையேறி விலைப்பட்டதும் செலவு கழித்துச் சம்மாட்டிக்கும் வலை இழுத்தவர்களுக்கும் பங்கு பிரியும். மீன் குறைந்தால் எல்லோருக்கும் குறையும். ஆனால் இழுத்தவன் மட்டும் அறுபது நாள் காத்திருக்க வேண்டும் என்ற நியதி அங்கே இல்லை. வலைக்கு விளங்கிய நியாயம் விளக்குக் கூட்டுக்கு விளங்காமற் போனது ஏன்?

ஹோட்டல்காரரை மட்டும் குறை சொல்வதும் நீதியாகாது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், அடுத்த ஆண்டு கொள்ளைநோய், 2022இல் நாடு கடனைத் திருப்ப முடியாமல் கைவிரித்த நெருக்கடி என்று மூன்று அடிகள் அவர்கள் மீது விழுந்தன. சில மாதங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறிற்று. காசைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் மேலேயுள்ளவர் இறுகப் பிடித்தால் நெரிபடுவது கீழேயுள்ளவர் கழுத்தல்லவா?

கடன் வாங்கிச் சமாளித்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். இது பழைய கேள்வி. ஆங்கிலேயர் காலத்து வங்கிகள் பெருந்தோட்டத்துக்கும் ஏற்றுமதிக்கும் காசு கொடுத்தன. உள்ளூர்ச் சிறு வியாபாரி செட்டியார் கடையையும் உண்டியலையுமே நம்பியிருந்தான். அக்குறையை ஆராய 1934ஆம் ஆண்டில் சொறாப்ஜி பொச்கனாவாலா தலைமையிலே ஒரு வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. அதன் வழியாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. அதற்கும் முன்பே, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கிராமங்களிலே வேரூன்றத் தொடங்கின. ஆயினும் இன்றைக்கும் இரண்டு வருடம் கூட ஆகாத ஒரு தொழில் வங்கி வாசலிலே நின்றால், "காணி உறுதி உண்டா?" என்பதே முதற் கேள்வி. என் மாணவியிடம் இருந்தது வரைபடக் கொப்பிகளும் ஒரு கணினியுமே.

வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுப்பவர்களும் உண்டு. நுண்கடன் என்று பெயர்; வட்டியோ நுண்ணியதன்று. 2018ஆம் ஆண்டிலே வரட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததென்றால், அச்சுமை எத்தகையது என்று சொல்லவேண்டியதில்லை. அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்று நானும் சொன்னேன், அவளும் விரும்பவில்லை.

ஆகவே வழி ஒன்றுதான். காசு எங்கே தங்கி நிற்கிறதோ அங்கேயே போய்க் கேட்பது.

"கேட்கலாமா, சேர்? முதற் கட்டளை. காசு காசு என்று நின்றால் அடுத்த முறை தரமாட்டார்கள். அதோடு வெட்கமாகவும் இருக்கு."

அந்த வெட்கத்தை நான் எதிர்பார்த்தேன். கலைஞருக்கு அது இயல்பு. அவளுக்கு நான் சைமன் காசிச் செட்டியை நினைவூட்டினேன். இதே கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்திலே தொகுத்து "தமிழ் புளூட்டார்க்" என்று வெளியிட்டவர் அவர். அவர் கதை சொன்ன புலவர்கள் எதனால் வாழ்ந்தார்கள்? பாடினார்கள், பரிசில் பெற்றார்கள். பரிசில் தாமதித்தால் வாய்மூடி இருந்தார்களா? இல்லை. புறநானூற்றிலே "பரிசில் கடாநிலை" என்று ஒரு துறையே இருக்கிறது. கொடுப்பதாகச் சொன்னதைக் கொடு என்று புரவலனை நேருக்கு நேர் கேட்பதுதான் அத்துறை. வீட்டிலே பிள்ளை பசித்திருப்பதையும் அடுப்பு ஆறிக் கிடப்பதையும் ஒளிக்காமல் சொன்னவர்கள் அவர்கள். அதனாலே அவர்களுடைய பெருமை குறைந்ததா? இரண்டாயிரம் வருடமாக அந்தப் பாட்டுகளை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

"சங்கப் புலவருக்கு வராத வெட்கம் உனக்கு ஏன், பிள்ளை? நீ யாசிக்கப் போகவில்லை, உன் பொருளின் விலையைக் கேட்கப் போகிறாய்" என்றேன். சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

வெறுங்கையோடு கேட்பதிலும் பயனில்லை. எதைக் கொடுத்து எதைக் கேட்கலாம் என்று பார்த்தோம். அறையிலே 75 கூடுகள் ஆயத்தமாய் இருந்தன. 450,000 ரூபாப் பெறுமதி. 120உம் முடியும்வரை அவை ஏன் இங்கே தூங்க வேண்டும்? திங்கட்கிழமை காலை அவள் ஹோட்டலின் கொள்வனவு அதிகாரியுடன் பேசினாள். 75 கூடுகளை உடனே அனுப்பலாம். அவற்றை இப்பொழுதே தொங்கவிட்டு அறைகளைத் திறக்கலாம். அதற்கு ஈடாக 200,000 ரூபாவுக்குரிய பகுதியைப் பத்து நாளுக்குள் தந்தால் 10,000 ரூபா கழிவு. அதிகாரி முதலில் மறுத்தார். அவர்களுடைய கணக்குப் பகுதியில் அப்படி ஒரு வழக்கம் இல்லையாம். "வழக்கம் இல்லைத்தான். பின்னும் பெண்களுக்கு மூன்று கிழமையாகக் கூலியும் இல்லை" என்றாள் அவள். மறுமுனையிலே சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "லொறியை அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. அந்த மனிதருக்கு அந்தக் கூலியைப் பற்றி அதுவரை எவரும் சொன்னதில்லை போலும்.

ஒன்பதாம் நாள் 190,000 ரூபா வந்தது. கூலிப் பாக்கி 107,500. கம்பிச் சட்டத்துக்கு 60,000. கட்டும் லொறியும் 22,500. கூட்டிப் பார்த்தால் சரியாக 190,000. கையில் மிகுதி பூச்சியம்! ஆனால் அன்று மாலை அந்த விறாந்தையிலே கேட்ட சிரிப்பை எந்த இலாப நட்டக் கணக்கிலும் நான் கேட்டதில்லை.

அந்தக் கழிவு மலிவான மருந்தன்று என்பதையும் சொல்லவேண்டும். ஏறத்தாழ மூன்று மாதம் முந்திக் காசு பெறுவதற்கு 5 வீதம் கொடுத்தால், வருடக் கணக்கிலே அது 20 வீதத்துக்கு மேலாகிறது. ஆபத்துக்கு ஒருமுறை குடிக்கலாம். நாளாந்தம் குடித்தால் மருந்தே நோயாகும்.

இன்னும் மூன்று வாரக் கூலியும், மீதிக் கூடுகளுக்குக் கட்டுச் செலவும் லொறியும் வேண்டும், 126,000 ரூபா. உள்ளறையிலே போன வருடம் ஒரு கண்காட்சிக்கென்று செய்து விற்காமற் போன 140 சிறு பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. "இவை நல்ல விலை போகும், சேர். பொறுத்து விற்கலாம் என்றிருக்கிறேன்" என்று அவள் முன்னரே சொல்லியிருந்தாள். பெட்டி வடிவத்திலே உறங்கும் காசு அது. அந்த நாட்களிலே தலவில் புனித அன்னம்மாள் கோயில் ஆவணித் திருவிழா. நாட்டின் நாலா திசையிலிருந்தும் யாத்திரிகர் இந்தக் குடாநாட்டுக்கு வந்து குவியும் காலம். பெட்டி ஒன்று 600 ரூபாவாகத் திருவிழா வழியிலே விற்றுத் தீர்த்தார்கள். 84,000 ரூபா தேறிற்று.

குறை 42,000 ரூபா. அதற்கு என்ன செய்தாள் என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை, பிறகுதான் தெரிந்தது. தன் வளையலை அடகு வைத்திருக்கிறாள். நான் கடிந்துகொண்டபோது, "யாராவது காத்திருக்கத்தான் வேண்டும் என்றால், தொழிலின் சொந்தக்காரி நான் அல்லவா காத்திருக்க வேண்டும்?" என்றாள். ஆசிரியனாகிய நான் விடை சொல்ல முடியாமல் நின்ற சந்தர்ப்பங்களுள் அஃது ஒன்று.

மிகுதி 520,000 ரூபா நவம்பர் மாதத்து மழையிலே, 22ஆவது வாரத்தில் வந்து சேர்ந்தது. வளையல் கைக்கு வந்தது. தோடு அதற்கு வெகு முன்பே, பாக்கிக் கூலி கிடைத்த மறுநாளே, காதுக்கு வந்துவிட்டது.

அதன் பின் நாங்கள் இருவரும் இருந்து சில நியதிகளை எழுதினோம். சிறு தொழில் தொடங்கும் இளைஞருக்கும், அவர்களுக்கு வழி சொல்லும் ஆசிரியருக்கும் பயன்படலாம் என்பதால் அவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, வரைவதற்குக் கூலி வேறு, செய்வதற்கு விலை வேறு. முன்பு மாதிரிகளை இலவசமாகச் செய்து கொடுத்தாள். மூன்று மாதிரிக்கு ஒரு மாத வேலை. இப்பொழுது வடிவமைப்புக் கட்டணத்தை முதலிலேயே பெறுகிறாள். அந்த உழைப்புக்கு ஓலை வேண்டாம், லொறி வேண்டாம். ஆகவே அதுதான் தொழிலுக்கு முதற் காசு.

இரண்டாவது, கட்டளையோடு நூற்றுக்கு நாற்பது முற்பணம்; பாதிச் சரக்குப் போனதும் நாற்பது; மிகுதி இருபது முப்பது நாளில். அந்தப் பழைய கட்டளைக்கே இதைப் போட்டுப் பார்த்தோம். ஆரம்பத்தில் 288,000 ரூபா வந்திருந்தால் கையிலிருந்ததோடு 488,000. மொத்தச் செலவே 516,000 தானே? குறையும் 28,000 ரூபாவை இடையில் வரும் பணம் மூடிவிடும். தோடும் வளையலும் வீட்டிலேயே இருந்திருக்கும். அதே விலை, அதே இலாபம். மாறியது நாள் மட்டும்.

மூன்றாவது, கெடு எழுத்திலே இருக்கவேண்டும். இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சிறு தொழிலாளரிடம் வாங்கிய பொருளுக்கு 45 நாளுக்கு மேற்படாமல் பணம் கொடுக்கவேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்று விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இத்தகைய நியதி உண்டு. தாமதம் என்பது தலைவிதியன்று, திருத்தக்கூடிய வழக்கமே என்பதற்கு இவை சாட்சி. அவள் தன் ஒப்பந்தத் தாளிலே கெடுவையும், கெடு தவறினால் வட்டியையும் இரண்டு வரியில் எழுதிவிட்டாள். "வழக்கமாம்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

நாலாவது, சுவரிலே பதின்மூன்று வாரத் தாள் தொங்கவேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வாரத்தை அடித்துவிட்டு, கடைசியில் புதிதாய் ஒரு வாரத்தைச் சேர்க்கவேண்டும். நாலு வாரத்துக்கு முன்பே பள்ளம் தெரிந்தால் பாலம் போடலாம். விழுந்த பின் தெரிந்து என்ன பயன்?

இந்த நியதிகளால் ஒரு நட்டமும் வந்தது; அதை மறைப்பது முறையன்று. அடுத்த ஆண்டு வேறொரு ஹோட்டல் 400 கூடுகள் கேட்டது. ஆனால் முற்பணம் இல்லை, தொண்ணூறு நாள் தவணை. தாளிலே எழுதிப் பார்த்தாள். கட்டளை பெரிதாகப் பெரிதாகப் பள்ளமும் பெரிதாகிறது. மறுத்துவிட்டாள். அன்றிரவு உறக்கமில்லை என்று எனக்குத் தொலைபேசியிலே சொன்னாள். அந்த ஹோட்டல் திரும்பி வரவேயில்லை. ஆனால் முதல் ஹோட்டலின் அந்த அதிகாரி 150 கூடுகளுக்கு, நாற்பது வீத முற்பணத்தோடு, தாமாகவே எழுதினார்.

சென்ற மாசி மாதம் மீண்டும் அந்தப் பக்கம் போயிருந்தேன். பாலாவியிலே உப்புப் பூத்த பாத்திகள் வெயிலில் பளிச்சிட்டன. கற்பிட்டி வீதி விறாந்தையிலே சுவரில் தாள் தொங்கியது. நான் போட்டுக் கொடுத்த முறையில் முதல் வரியில் மூலப்பொருள், பிறகு கூலி, பிறகு ஏனைய செலவு என்று இருந்தது. அவள் அதை மாற்றிவிட்டிருந்தாள். முதல் வரியிலே "சனிக்கிழமைக் கூலி" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மற்றவையெல்லாம் அதற்குக் கீழே.

"கணக்கியல் முறைப்படி இது பிழையா, சேர்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். தாளைக் கையில் எடுத்து, ஒரு வாரம் விடாமல் அந்தச் சிவப்பு வரியைக் கடைசிவரை வாசித்தேன். எந்த வாரமும் வெறுமையாக இல்லை. அப்பொழுது மூத்த பெண்மணி புதுக் கூடுகளோடு படியேறி வந்தார். காதிலே தோடு இருந்தது.